வாகனத்துக்கும் பொருத்தம் வேண்டும்



திருமணம் பேசுமிடத்துப் பொருத்தம் பார்ப்பது தமிழ் மக்களின் நெடுநாளைய வழக்கம். நாளும் நட்சத்திரமும் பார்த்து, குடும்பத்தை விசாரித்து, பெரியோரைக் கேட்ட பின்னரே சம்பந்தி வீட்டிற் கை நனைப்பர். இத்துணை எச்சரிக்கை உடையவர்களே, பழைய வாகனப் பாகமொன்றை வாங்கும்போது மட்டும், "அதே வண்டியின் பாகந்தானே!" என்ற ஒரு சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். மனப்பொருத்தம் இல்லாத இல்லறத்திற் சமாதானம் பேசப் பெரியோர் உண்டு. பொருத்தம் இல்லாத இரும்புக்கு வளைந்து கொடுக்கும் குணம் இல்லை. அது மலைப்பாதையின் வளைவில், மழை பெய்யும் வேளையில், தன் குற்றத்தைக் காட்டிவிடும்.

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் வாழும் வேன் உரிமையாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதிதான் அந்த வேனுக்கு முதற் பணம். காலையிலே தோட்டத்துப் பிள்ளைகளை நகரப் பாடசாலைக்குக் கொண்டு செல்வது அவ்வண்டி. நண்பகலில் நோயாளிகளை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும். ஞாயிற்றுக்கிழமையில் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் அதுவே வாகனம். பனி மூடிய ஒரு மாலையில் வண்டியின் முன் இடப்பக்கம் கற்கட்டில் மோதுகிறது. நல்லவேளையாக வண்டியில் வேறெவரும் இல்லை, ஓட்டியவருக்கும் காயமில்லை. விளக்கு உடைந்தது, பம்பர் சிதைந்தது. அவற்றின் பின்னே, கதவைத் தாங்கும் முன்தூணின் அடியும், தளத்தின் முன்சட்டமும் வளைந்துவிட்டன.

புதிய பாகத்தின் விலையோ அவருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். அவ்வைந்து ஆண்டுகளில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையே ஒட்டியும் வெட்டியும் காப்பாற்ற வேண்டிய நிலை பலருக்கு நேர்ந்தது. ஆகவே பழைய பாகம் வாங்குவதை இழிவென்றோ அறியாமையென்றோ கூறுதல் தகாது. அது எளியவரின் நியாயமான வழி. அவ்வழியை அறிந்து செல்ல வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் கருத்து.

முதலிலே அறிய வேண்டியது, வாகனத்தின் பாகங்களுள் இருவகை உண்டு என்பது. ஒன்று தோல், மற்றொன்று எலும்பு. பம்பர், பொனட், மட்கார்ட் முதலியன பெரும்பாலும் திருகாணியால் இணைக்கப்படுவன. அவை சிறிது விலகி நின்றால் அழகு கெடும், காற்று இரையும், வேறு பெருங்கேடு இல்லை. முன்தூண், நடுத்தூண், கதவுகளின் கீழே ஓடும் பெட்டி விளிம்பு, தளச்சட்டம், முன் சக்கரத்தைத் தாங்கும் பகுதி ஆகியவையோ எலும்பைப் போன்றவை. மோதலின் அடியைத் தாங்கி உள்ளிருப்பவரைக் காப்பன அவையே. சக்கரங்கள் நேராக நிற்பதும் அவற்றாலேயே.

லொறியிலும் பழைய ஜீப்பிலும் 'செசி' எனப்படும் அடிச்சட்டம் தனியே கிடக்கும். உடல் அதன்மேல் ஏறி அமர்ந்திருக்கும். இன்றைய கார்களில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. மெல்லிய உருக்குத் தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாக ஒட்டி, உடலையே சட்டமாக்கிவிடுகின்றனர். 1934ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் சித்திரோன் நிறுவனம் வெளியிட்ட முன்சக்கர இழுவைக் காரே இம்முறையைப் பெருவாரியாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒன்று.

மலைநாட்டாருக்கு இவ்வமைப்பை விளக்குவது எளிது. முன்னாளில் தேயிலை அனுப்பிய பலகைப் பெட்டியை முதியோர் நன்கறிவர். அதன் பலகை விரலளவு தடிப்புங்கூட இல்லாதது. எனினும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அது நசுங்காது. ஓரங்களில் அடித்த சட்டமும் தகரக் கட்டும் ஆறு பக்கங்களையும் ஒன்றாகப் பிணைத்து நின்றமையே காரணம். ஓரம் ஒன்று விட்டுப் போனால், பலகை எங்கும் உடையாதிருந்தும், பெட்டி முழுவதும் கோணிக்கொள்ளும். காரின் உடலும் அப்படியே. ஓர் ஓரத்தில் பொருந்தாத துண்டை ஒட்டினால், மறு ஓரத்திலுள்ள கதவும் கண்ணாடியும் அதன் விளைவை அனுபவிக்கும்.

அடுத்தது, பெயரை நம்பலாகாது என்பது. இதற்கு மொரிஸ் மைனரைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. தோட்டத்துத் துரைமார் முதல் ஆசிரியர் வரை பலர் விரும்பிய அச்சிறு கார் 1948ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி முடிந்த பின்னர், அகலம் போதாதென்று கண்டு, அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து அவர் திருப்தியடைந்தார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் நினைவுச் சின்னம். முன்னரே செய்யப்பட்டிருந்த பம்பர்கள் குறுகிப் போனமையால், அவற்றையும் நடுவே வெட்டி ஒரு துண்டு சேர்த்தே தொடக்க கால வண்டிகளிற் பூட்டினர்.

அத்துடன் மாற்றம் நிற்கவில்லை. முதலிலே விளக்குகள் தாழ, முன் கம்பித்தட்டின் இருபுறமும் இருந்தன; சில ஆண்டுகளில் அவை மட்கார்டின்மேல் உயர்ந்தன. 1956ஆம் ஆண்டு வரை முன்கண்ணாடி இரு பிளவாக இருந்தது; அதன்பின் ஒரே கண்ணாடியாயிற்று. பெயரோ 1971 வரை மொரிஸ் மைனர்தான். ஒன்றன் முன்தூணை மற்றொன்றில் வைக்க முனைபவர் கண்ணாடி பொருந்தாமல் திகைப்பார். 1990களில் அக்காரின் உடற்பாகங்களைச் செய்யும் தொழிற்சாலையொன்று இலங்கையிலேயே இயங்கி, காரின் தாயகமான இங்கிலாந்துக்கும் அவற்றை அனுப்பியது. அத்தகைய தொழிலில் அளவுதான் உயிர் என்று சொல்லவும் வேண்டுமோ?

இன்றைய வேனுக்கும் இதே விதி. இந்நாட்டில் 'டொல்பின்' என்று வழங்குவதும் டொயோட்டா ஹயேஸ்; அதற்குப்பின் 2004ஆம் ஆண்டில் வந்த தலைமுறையும் டொயோட்டா ஹயேஸ். பிந்திய தலைமுறைக்குள்ளேயே இருவகை உடல்கள் உள்ளன. ஒன்றன் அகலம் 1695 மில்லிமீற்றர். மற்றொன்றன் அகலம் 1880 மில்லிமீற்றர். வேறுபாடு 185 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஒரு சாண். முகப்பு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றன் முன்சட்டம் மற்றொன்றில் ஒருபோதும் அமராது. ஆதலால் கடைக்குப் புறப்படுமுன், தம் வண்டியின் தகட்டிற் பொறித்த மாதிரிக் குறியீட்டையும் செசி இலக்கத்தையும் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ள வேண்டும். கடையிலுள்ள துண்டு எந்த மாதிரிக் குறியீடுடைய வண்டியிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். விடை "எல்லாத்துக்கும் சரிவரும்" என்பதானால், அங்கே நில்லாமல் திரும்புவது நன்று.

மூன்றாவதாக, பொருத்தம் இருபக்கத்தது. வாங்கும் துண்டு நேராக இருந்தால் மட்டும் போதாது. அதனை ஏற்கும் வண்டியும் நேராக இருத்தல் வேண்டும். மோதிய வண்டியில் உடைந்த இடம் ஒன்றாகவும் விலகிய இடம் வேறொன்றாகவும் இருக்கலாம். இதனைக் கண்டறிய ஒரு பழைய முறை உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, அடிப்பகுதியில் இடமும் வலமும் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட வேண்டும். அது தொடும் இடங்களைத் தரையிற் சுண்ணக்கட்டியாற் குறிக்க வேண்டும். பின்னர் வண்டியை அகற்றிவிட்டுக் குறிகளுக்கிடையே மூலைக்கு மூலை அளந்தால், இரு அளவுகளும் ஒத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அத்திவாரம் போடும் கொத்தனார் கயிறு பிடித்துப் பார்ப்பது போன்றதே இது. மலைநாட்டிலே சமதரை அரிது. கராஜின் சிமெந்துத் தரையையும் ரசமட்டம் வைத்துப் பார்த்த பின்னரே தூக்குக்குண்டை நம்பலாம்.

வளையாத வண்டியின் அளவு எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். உற்பத்தியாளர் வெளியிடும் அளவுப் படங்கள் உண்டு. அவை கிட்டாதபோது, அதே மாதிரியைச் சேர்ந்த, மோதாத வண்டியொன்றை அளந்துகொள்ளலாம். வேன் தரிப்பிடத்தில் நிற்கும் தோழர் ஒருவர் தம் வண்டியை அரைமணி நேரம் கொடுத்தால் போதும். துளைக்குத் துளை உள்ள தூரம், தூணின் அடியிலிருந்து மேல்மூலை வரையுள்ள தூரம், இருபுறச் சக்கரங்களின் இடைவெளி ஆகியவற்றைக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொள்ள வேண்டும். துளைகள் உள்ள பகுதிக்கு அட்டையில் அச்சு வெட்டிக்கொள்வது இன்னும் நன்று. உடற்சட்ட வேலையில் மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விலகலைத் தேர்ந்த தொழிலாளர் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்வாறு கொப்பியும் அட்டையும் அளவுநாடாவும் கொண்டு, அந்த வேன் உரிமையாளர் அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு இறங்குகிறார் என்று கொள்வோம். பஞ்சிகாவத்தை பழைய பாகங்களுக்குப் பேர்போன இடம். அங்கே ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளின் முன்பாதியை அப்படியே வெட்டியெடுத்த துண்டுகளைக் காணலாம். கடைக்காரர் அவற்றை 'ஹாஃப் கட்' என்பர். வெள்ளை நிறம் பளபளக்கும் ஒரு துண்டு அவர் கண்ணிற் படுகிறது. விலையும் மலிவு.

அங்கே அவர் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, வெட்டிய இடம். தமக்கு வேண்டிய இணைப்புக்கு அப்பாலும் போதிய நீளம் விட்டு வெட்டப்பட்டிருக்க வேண்டும். இணைப்பின் விளிம்பிலேயே வெட்டியிருந்தால் ஒட்டுவதற்கு இடமில்லை. எரிவாயுச் சுடரால் வெட்டியிருந்தால், சூடு பரவி நிறம் மாறிய தகட்டை நம்பலாகாது.

இரண்டாவது, பழைய காயம். அத்துண்டைத் தந்த வண்டியும் எதனாலோ ஓட்டம் நின்ற வண்டியே. அது எங்கே அடிபட்டது என்று தெரிய வேண்டும். தகட்டில் மெல்லிய சுருக்கம், வர்ணத்தில் முடிவெடிப்பு, கையாற் பூசிய புதிய பசை, ஒழுங்கற்ற ஒட்டுப்புள்ளிகள் ஆகியன முன்னொரு மோதலைக் காட்டிக் கொடுக்கும். தொழிற்சாலையில் இட்ட ஒட்டுப்புள்ளிகள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும். சிறு காந்தம் ஒன்றைத் துணியிற் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்தினால், பட்டி பூசி நிரவிய இடத்தில் அதன் பிடி தளரும்.

மூன்றாவது, துரு. ஜப்பானின் வடபகுதியில் பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவர். அவ்வூர்களில் ஓடிய வண்டியின் மேற்பூச்சு கண்ணாடிபோல் ஒளிவிட்டாலும், அடிப்பெட்டியின் உட்புறம் அரித்திருக்கக்கூடும். ஆகவே துண்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்; பெட்டியின் வாயில் விளக்குப் பிடித்து உள்ளே நோக்க வேண்டும்; மடிப்புகளைக் கூரூசியாற் குத்திப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் பனியும் ஈரமும் ஏற்கெனவே தொடங்கிய துருவைத் தூங்க விடமாட்டா.

நான்காவது, அளவு. மூலைக்கு மூலை அளந்து, கொப்பியுடன் ஒப்பிட்டு, அட்டை அச்சைத் துளைகளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். துளையொன்று வட்டமாக இல்லாமல் நீண்டு அராவப்பட்டிருந்தால், அத்துண்டு முன்னரே ஒரு வண்டியிற் பொருந்தாமல் வற்புறுத்தப்பட்டது என்றே கொள்ளலாம்.

அந்த வெள்ளைத் துண்டின் இரு மூலையளவுகளும் பதினொரு மில்லிமீற்றர் வேறுபடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர், "கராஜில் இழுத்து நிமிர்த்திவிடலாம் தம்பி" என்கிறார். இங்கேதான் மனிதனுக்குச் சோதனை. வெறுங்கையுடன் திரும்பினால் இன்னுமொரு கிழமை வருமானம் இல்லை. வீட்டிலே தாயார் வாய்திறந்து கேட்கமாட்டார். கேளாமையே பாரமாக இருக்கும். வாங்கிவிட்டாலோ, வேலை இன்றே தொடங்கும்.

நிமிர்த்தலாம் என்ற சொல்லின் உண்மையை ஆராய வேண்டும். பழைய கார்களின் மென்னுருக்கைச் சூடாக்கித் தட்டி நேராக்க முடிந்தது. அண்மைக்கால வண்டிகளின் தூண்களிலும் சட்டங்களிலும் உறுதி மிகுந்த உருக்கு வகைகள் பயன்படுகின்றன. அவற்றின் உறுதி, தொழிற்சாலையில் அளவாகச் சூடேற்றிக் குளிர்வித்ததனாலோ வேறு பக்குவத்தினாலோ பெறப்பட்டது. அதனை மீண்டும் சுடரிற் காட்டினால் வடிவம் நேராகலாம், வலிமை போய்விடும். வர்ணம் பூசிய பின்னர் அவ்வேறுபாட்டை எந்தக் கண்ணும் காணாது. அடுத்த மோதல் மட்டுமே அதைக் கண்டுபிடிக்கும். ஏற்கெனவே கோணிய துண்டை எலும்பாக வைப்பதைவிட, வண்டி இன்னும் ஒரு கிழமை நிற்பது மேல். 'பதறாத காரியம் சிதறாது' என்ற பழமொழி இத்தருணத்துக்கே சொன்னதுபோல் இருக்கிறது.

நல்ல துண்டு கிடைத்த பின்னரும் ஒரு கடமை உண்டு. விற்பவரிடம் எழுத்திலே பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். துண்டைத் தந்த வண்டியின் மாதிரியும் செசி இலக்கமும், ஒட்டுவதற்கு முன் பொருந்தாமை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உடன்பாடும் அதில் இருத்தல் நன்று. அது களவுப் பொருளன்று என்பதற்கும் அச்சீட்டே சான்று. செசி இலக்கம் பொறித்த பகுதியை மாற்ற நேர்ந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தை நாடாமல் கை வைத்தலாகாது. பதிவுப் புத்தகத்தில் ஓர் இலக்கமும் வண்டியில் வேறோர் இலக்கமும் இருந்தால், பின்னர் விற்கும் நாளில் உரிமையே ஐயத்துக்குரியதாகிவிடும்.

இனி, கராஜில் நிகழ வேண்டியது. 'டிங்கரிங்' என்று வழங்கும் தகட்டு வேலையில் கைதேர்ந்த முதியவர், துண்டு வந்தவுடன் வெல்டிங் குழாயைக் கையில் எடுக்கமாட்டார். முதலிற் பிடிகருவிகளால் அதனை இடத்திற் பிடித்து நிறுத்துவார். பின் கதவை மாட்டுவார், பொனட்டை வைப்பார், முன்கண்ணாடியின் சட்டத்தை அளப்பார். கதவின் மேலும் கீழும் முன்னும் பின்னும் இடைவெளி ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்ப்பார். கதவு தானாக இறங்குகிறதா, தாழ்ப்பாள் நேராகக் கவ்வுகிறதா என்று பலமுறை திறந்து மூடுவார். எல்லாம் சரியான பின்னரே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி ஒட்டுப் போடுவார்; சூட்டினால் விலகியதா என்று மறுபடி அளப்பார்; அதன் பின்னரே முழு ஒட்டு.

"இன்னும் எத்தனை தடவை பாஸ் அளப்பீங்க?" என்று வண்டிக்காரர் பொறுமையிழந்து கேட்கக்கூடும். "ஒட்டுறதுக்கு முந்தி எத்தனை தடவையும் அளக்கலாம் தம்பி, ஒட்டின பிறகு வெட்டத்தான் முடியும்" என்பது அத்தகையவரின் விடையாக இருக்கும்.

ஒட்டிய பகுதியின் உட்புறத்தில் துருத்தடைப் பூச்சு இடுதல் இன்றியமையாதது. வெளியழகில் மயங்கி இதனை மறப்பவர் பலர். காற்றுப்பை உள்ள வண்டியானால், மோதலை உணரும் கருவிகள் உரிய இடத்தில் உரியவாறு பொருந்தியுள்ளனவா என்று அறிந்தவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். இறுதியாகச் சக்கரங்களின் நேர்மையை அளக்க வேண்டும். வேலை முடிந்த வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு டயர் மட்டும் விரைவில் தேய்ந்தாலோ, மாதங்கள் கழித்து முன்கண்ணாடி காரணமின்றிக் கீறினாலோ, எங்கோ பொருத்தம் பிசகியது என்பது அதன் பொருள். அதனைப் பொருட்படுத்தாமல் கினிகத்தேனை வளைவுகளிலும் றம்பொடை இறக்கத்திலும் ஓட்டுவது அறிவுடைமையன்று.

தோட்டத்துப் பிள்ளைகள் காலையில் அவ்வேனில் ஏறும்போது, எந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. லயத்து வாசலில் நின்று கையசைக்கும் தாய்மாரும் கேட்பதில்லை. அவர்கள் நம்பி ஏற்றிவிடுகின்றனர். அந்த நம்பிக்கைக்கு விடையாக வண்டிக்காரர் வைத்திருக்கக்கூடியது அளவு எழுதிய அந்தக் கொப்பி ஒன்றுதான். அடுத்த முறை பழைய பாகம் வாங்கப் புறப்படுவோர், பணத்தை மடியிற் கட்டுமுன் அளவுநாடாவைச் சட்டைப்பையில் இடுவாராக.